வானாய்வுக்கூடத்து வாசலில் ஒரு சிவப்புக் குடை

என் வீட்டுக்காரர் வண்ணப்படம் அச்சடிப்பவர். கல்லில் படம் வரைந்து, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கிற வேலை. நிறத்துக்கு ஒரு கல். அதனால் எதைப் பார்த்தாலும் மனுஷர் கல் கணக்குத்தான் போடுவார். கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் பேசிய முதல் பேச்சே, "உங்களுக்கு நாலு கல் போதும்" என்பதுதான். எங்கப்பா கைத்தடியைத் தேடினார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "சிவப்பு கொஞ்சம் தூக்கலா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். இந்த ஆளோடுதான் குப்பை கொட்டுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் புது வானாய்வுக்கூடம் கட்டி முடித்தபோது, அதை வண்ணப்படமாக அடிக்கும் வேலை இவருடைய அச்சகத்துக்கு வந்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "அங்கத்துப் பேராசிரியர் வாசல்ல நிக்கிற மாதிரி போடு. மனுஷன் குளிர்ந்துபோகணும். அவருக்குப் பிடிக்கலைன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "யார் யாரையோ வரையிறீங்க, கட்டினவளை ஒரு தடவையாவது வரைஞ்சீங்களா?" என்று பிடித்துக்கொண்டேன். பேராசிரியருக்குப் பக்கத்தில் நானும் முளைத்தேன். கையில் சிவப்புக் குடையும் கேட்டேன். ஒரு குடைக்காகத் தனியாக ஒரு கல்லா என்று முனகிக்கொண்டே வரைந்தார்.

மாதிரித் தாள் அடிக்கிற அன்று சாப்பாட்டுத் தூக்கோடு நானே போய் நின்றேன். கடைசியாகச் சிவப்புக் கல். "குடை எங்க விழும், எங்க விழும்" என்று நான் நச்சரித்ததில் தாளைக் கல்லின்மேல் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார். எடுத்துப் பார்த்தால் என் குடை வெள்ளையாக இருக்கிறது. சிவப்பெல்லாம் பேராசிரியரின் மூக்கிலும் கன்னத்திலும். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியரே உள்ளே வந்து தாளை வாங்கினார்.

"கட்டடம் பிரமாதம். ஆனா வாசல்ல யாரு இந்தக் குடிகாரன்? முதல்ல இவனை எடுங்க. பாவம், பக்கத்துல அந்தம்மா பயந்துபோய் நிக்கிறாங்க."

முதலாளி வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

குடிகாரரை எல்லாக் கல்லிலும் சுரண்டி எடுத்து, குடையில் சிவப்பைச் சரியாக விழவைத்து, கட்டுக் கட்டாக அடித்துக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். திறப்பு விழாவில் பேராசிரியரின் மனைவி படத்தருகே வந்து கணவரிடம் கேட்டார்.

"உங்களைப் போட்டிருக்காங்கன்னு முதலாளி அன்னிக்கே சொன்னாரே. எங்க காணோம்?"

பேராசிரியர் முகம் சுருங்கியது. முதலாளி என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையிலேயே வேலை போய்விட்டது தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் என்னால் வந்த வினை.

வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஐயா உள்ளே இருக்காரும்மா. தொலைநோக்கியில பாத்துக்கிட்டிருக்காரு."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, படத்தில் இருந்த வெறும் சுவரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் பூரிப்பு.

"சாயல் அப்படியே வந்திருக்கு" என்றார்.