படைக்காமல் எடுத்து வைத்தது

பழனியிலிருந்து மேலே வரும் பேருந்து வடகவுஞ்சி வளைவில் ஒலியெழுப்பினால், பொன்னுத்தாய் அத்தை வாழைத் தோட்டத்தில் அரிவாளை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். யாரோ இறங்குவார்கள். மகள் சரண்யா இறங்கமாட்டாள். அத்தை மறுபடி குனிந்துகொள்வார். போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு சில மாதங்கள் இப்படித்தான் போயின.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கணவர் இறந்தபின் மலைவாழையை நம்பியே மகளை வளர்த்தவர். ஞாயிறு ஆராதனைக்குத் தவறியதில்லை. பழனியில் வேலை பார்த்த சரண்யா, ராஜமுருகனை விரும்பினாள். அவருடைய அம்மா சண்முகவள்ளி அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் செய்து விற்பவர். அத்தை அழுதார், ஜெபித்தார், கடைசியில் சம்மதித்தார். ஒன்றை மட்டும் விடவில்லை. சாமிக்குப் படைத்ததைத் தொடமாட்டார். எங்கள் சபையில் எல்லோரும் அப்படித்தான். நானும்தான்.

கிறிஸ்துமஸுக்குக் கணவரோடு வந்த சரண்யா, மாமியார் கொடுத்தனுப்பிய பஞ்சாமிர்த டப்பாவை அடுப்படியில் வைத்தாள். அத்தை யாரையும் கேட்காமல் அதை எடுத்துப்போய் வெளியே விறகுக் குவியல்மேல் வைத்துவிட்டார். மத்தியானம் கைகழுவப் போன மருமகன் அதைப் பார்த்தார். மூடியோரம் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த சரண்யாவும் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

“என்ட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லம்மா.”

அடுத்த பேருந்திலேயே இருவரும் மலையிறங்கிவிட்டார்கள்.

அத்தையின் கொழுந்தன் பொன்னுச்சாமிக்குக் கிண்டல் செய்ய வசதியாகப் போயிற்று. “ஏன் மதினி, நம்ம பழத்த வெட்டிப் பழனிக்கு ஏத்தி விடலாம். அது பஞ்சாமிர்தமாத் திரும்பி வந்தா மட்டும் ஆகாதாக்கும்?”

“போப்பா, ஒஞ் சோலியப் பாரு. நான் யாவாரம் பண்றேன், கும்பிடல.”

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் என்னிடம் யோசனை கேட்பார்கள். அத்தையும் ஒருநாள் கேட்டார். “ஏண்டி நதியா, நான் செஞ்சது விசுவாசமா, வீம்பா?” எது என்று இன்றும் எனக்கு முழுதாகத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் அத்தை வந்து கூப்பிட்டார். “நாளைக்கு வெள்ளனே கெளம்பு. பழனிக்குப் போவோம்.”

“எதுக்கு அத்தை?”

“எம்புள்ள மொகத்தப் பாக்கணும். ஆண்டவரு யாரு வீட்டுச் சாப்பாட்டையும் எடுத்து வெளிய வைக்கலயேடி.”

வியாபாரிக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்த ஒரு நல்ல வாழைத்தாரைச் சுமந்துகொண்டு வந்தார். அடிவாரத்தில் சண்முகவள்ளியின் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

“வாங்க சம்பந்தி! தாரயா தூக்கிட்டு வந்தீங்க? எங்கடையில பழத்துக்குப் பஞ்சம்னு யாரு சொன்னா?” என்று சண்முகவள்ளி சிரித்தார். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் இருந்த பஞ்சாமிர்தக் கிண்ணத்தைக் காட்டினார்.

“அதுல கொஞ்சம் குடுங்க. சாப்புடுறேன்.”

நீட்டிய கையைச் சண்முகவள்ளி பிடித்துக்கொண்டார்.

“அது காலையில படைச்சது சம்பந்தி, ஒங்களுக்கு வேண்டாம். உள்ள அண்டாவுல இருந்து எடுத்தாறேன். அன்னைக்கும் படைக்கிறதுக்கு முந்தியே தனியா எடுத்து வச்சுத்தான் குடுத்து விட்டேன். சரண்யா சொல்லலயா?”

“நான் கேக்கலயே,” என்றார் அத்தை.

அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற சரண்யா, அம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை. புறப்படும்போதுதான் வந்து, அம்மாவின் பையில் ஒரு டப்பாவை வைத்தாள்.

“எப்பப் புள்ள வருவ?”

“பாப்போம்மா. நீ பாத்துப் போ.”

பேருந்தில் அத்தை பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. நான் சண்முகவள்ளியை நினைத்துக்கொண்டே வந்தேன். அவருக்கு எங்கள் விசுவாசம் கிடையாது. ஆனாலும் அடுப்படியில் அதற்கென்று ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்திருந்தார். நான் சரியென்று பிடித்துக்கொண்டிருப்பவற்றில் இன்னொருவருக்கு அப்படி ஏதாவது எடுத்து வைத்திருக்கிறேனா?

அந்த டப்பா இப்போது அத்தையின் அடுப்படி அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. “அவ வந்து தொறக்கட்டும்,” என்கிறார்.

இப்போதெல்லாம் வளைவில் ஒலி கேட்டால் அவர் தோட்டத்தில் நின்று பார்ப்பதில்லை. வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கே வந்துவிடுகிறார். பேருந்தின் கதவு திறக்கும்வரை, வாழைக்கறை படிந்த கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நிற்கிறார்.