ஓடிய ப்ரோக்ராம்

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் நான் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு படித்தபோது, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நாற்பது வயது அக்கா ஒருவர். புனேயின் கட்கி பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை. ப்ரோக்ராமை முழுக்கப் பென்சிலால் நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஒற்றை விரலால் தட்டத் தொடங்குவார். செய்முறைத் தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தார். நான்காவதுதான் கடைசி வாய்ப்பு.

அந்த நான்காவது தேர்வன்று அவருடைய ப்ரோக்ராம் ஓடியது. பெயர்கள் அகர வரிசையில் திரையில் வந்து நின்றதை நானும் பார்த்தேன். சேவ் பண்ணக்கூடத் தோன்றாமல் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கரண்ட் போய்விட்டது.

கரண்ட் திரும்பி வந்தபோது அவர் திரையில் ஒன்றுமில்லை. தேர்வாளர் எதிரில் நின்றார். அக்கா அவரிடம் மராத்தியில் கெஞ்சிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லைட் போறதுக்கு முன்னாடி ஓடுச்சு, நீ பாத்தேல்ல தம்பி? சார்கிட்ட ஜரா சொல்லேன்."

அடுத்தது என் முறை; என்னுடையதை முன்பே சேவ் பண்ணியிருந்தேன். வாயைத் திறந்தால் எனக்கும் மார்க் போய்விடும் என்று பயந்தேன். கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். தேர்வாளர் அவர் எண்ணுக்கு நேரே பூஜ்ஜியம் போட்டார்.

வெளியே படிக்கட்டில் அவர் நின்றிருந்தார்.

"உன்னுது ஓடுச்சா?"

"ஓடுச்சுக்கா."

"அச்சா. நல்லா இரு."

இறங்கிப் போனவர் அதன் பிறகு கல்லூரிப் பக்கமே வரவில்லை.

அந்தக் குரலில் துளியாவது கோபம் இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.