செலக்டர் மாமா தொட்ட முதுகு

என் முதல் நாவல் வந்ததிலிருந்து ஒரே கேள்விதான். காவலில் இருக்கும் பிள்ளைகளை அடிப்பது யார் என்று கண்டுபிடிக்கும் அந்த இன்ஸ்பெக்டரம்மா, தழும்பை விரலால் தடவியே அது விழுந்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுகிறாரே, இதற்கு எந்தத் தடயவியல் புத்தகம் படித்தீர்கள் என்கிறார்கள். படித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள ஆசைதான். படிக்கவில்லை. நான் பார்த்தது என் தாய்மாமனை. புத்தகத்தை அவருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன்.

மாமா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் செலக்டர். பதப்படுத்திய ஆட்டுத்தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, 'ஃபர்ஸ்ட்', 'செகண்ட்', 'தேர்டு' என்று உரக்கச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் அந்தந்த அடுக்கில் போடுவார். முள் கீறியதா, உண்ணி கடித்ததா, குச்சியால் அடித்ததா, ஆடு அறுபடுவதற்கு எத்தனை நாள் முன்னால் பட்ட காயம் என்பதெல்லாம் அந்த ஒரு தடவலில் அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு அப்போது பதினோரு வயது. துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு கதைகூடப் படிக்காத மாமாமீது கொஞ்சம் இளக்காரம்.

அந்த வருடம் பெரியம்மா மகன், பதினைந்து வயது அண்ணன், தோஸ்த் ஓட்டிவந்த பைக்கில் பின்னால் உட்கார்ந்து வாலாஜாவுக்குப் போனான். அது திருட்டு பைக். இருவரையும் பிடித்துச் சிறுவர் இல்லத்தில் வைத்துவிட்டார்கள். இருபது நாள் கழித்து விசாரணை. பெரியம்மாவும் மாமாவும் போனார்கள். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை; வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் கூடவே போனேன்.

சிறுவர் கோர்ட் வராந்தாவில் அண்ணனைப் பார்த்ததும் மாமா அவன் முதுகில் கை வைத்தார்.

"இன்னாடா, இப்படி இளைச்சுப் போய்ட்ட?"

அண்ணன் நெளிந்தான். மாமாவின் கை சட்டைமேலேயே நின்றுவிட்டது.

"இன்னாது இது?"

"விழுந்துட்டேன் மாமா."

"எங்க?"

"பாத்ரூம்ல."

மாமா அதற்குமேல் கேட்கவில்லை. உள்ளே போனதும் மாஜிஸ்திரேட் அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டார்: "புள்ளைய அங்க அடிக்கிறாங்கம்மா."

இல்லத்து அலுவலர் சிரித்தார். "வரும்போதே அப்படித்தான் வந்தான் மேடம். தெருவுல சண்டை போட்டிருப்பான்."

அண்ணன் தரையைப் பார்த்தான். பேச்சு அத்தோடு நின்றிருந்தால் அவன் அதே வேனில் அதே இல்லத்துக்குத் திரும்பியிருப்பான், புகார் கொடுத்த பையனாக.

மாமா அவன் காதருகே குனிந்தார். "பாக்கட்டுமாடா?"

அண்ணன் சரியென்று தலையாட்டினான். மாமா சட்டையைத் தூக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தோளிலிருந்து கீழே மெல்லத் தடவினார்.

"இது கரண்ட் வயரும்மா. மடிச்சு அடிச்சிருக்காங்க. இதுக்குப் பத்து நாளு. இது நாலு நாளு. இது முந்தாநேத்து. புள்ள உள்ள போயி இருவது நாள் ஆவுது."

"நீங்க இன்னா, டாக்டரா?" என்றார் அலுவலர்.

"தோல் செலக்டர் சார்."

விரல்கள் இடுப்புவரை வந்தன. கையை எடுத்த அதே நொடியில், இருபது வருடப் பழக்கத்தில், மேசையருகே நின்று சொல்வதுபோல மாமா உரக்கச் சொன்னார்: "தேர்டு!"

நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா என் தொடையில் கிள்ளினாள். அண்ணன்கூட, சுருட்டிய சட்டையோடு, லேசாகச் சிரித்தான். மாமா மட்டும் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கம்மா, வாய்ப் பழக்கம்" என்றார். கண் கலங்கியிருந்தது. எல்லோர் முன்னாலும் உளறிவிட்டோமே என்ற வெட்கம் என்று நினைத்தேன்.

மாஜிஸ்திரேட் அம்மாவும் சிரிக்கவில்லை. அண்ணனை அப்போதே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். டாக்டர் இரண்டு பக்கத்துக்கு எழுதியது மாமா சொன்னதைத்தான். மாஜிஸ்திரேட் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட, அன்று சாயங்காலம் அண்ணன் எங்களோடு பஸ்ஸில் வந்தான், ஜன்னலோர சீட்டில். அடித்தவர்மேல் வழக்கு வந்தது. மற்ற பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். இப்போது அண்ணன் ஆம்பூரில் சூப்பர்வைசர். நாவலைக் கையில் கொடுத்தபோது, "என்னை ஹீரோவா போட்டியா, பொணமா போட்டியா, அத மட்டும் சொல்லு" என்றான்.

அடுத்த வாரமே மாமா மேனேஜரிடம் கேட்டு பேக்கிங் செக்‌ஷனுக்கு மாறிக்கொண்டார். அங்கே தோலைத் தடவிப் பார்க்கும் வேலை இல்லை; சம்பளமும் கம்மி. வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். எனக்குத்தான் ஏமாற்றம் ஜாஸ்தி. நிஜத் துப்பறிவாளர் என் மாமாதான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

"ஏன் மாமா?"

"கை வலிக்குதுடா."

நம்பிவிட்டேன். ஸ்கூல் விட்டு வந்ததும் அவருடைய வலது கைக்குத் தைலம் தேய்த்துவிடுவேன். ஒரு மாதம் ஒரு நாள் விடவில்லை. எந்த இடத்தில் வலி என்று கேட்டால், "இங்கதான், இன்னும் கொஞ்சம் தேய்" என்று உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.