நாக்கில் நான்கு சொட்டு

தாமோதரன் எந்தப் புத்தகத்தைப் படிக்கிறானோ அதுவாகவே ஆகிவிடுவான். தேனீக்களைப் பற்றிப் படித்த மாதம், தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் வரிசையைப் பார்த்து, "ராணி எங்க மச்சான்?" என்றான். கண்டங்கள் நகர்வதைப் படித்தபோது தரையைப் பார்த்தே நடந்தான். அறிவியலை நம்ப அவனுக்கு ஆதாரம் தேவையில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் அவனிடம் மாட்டியது, மனித குணங்களைப் பற்றிய அட்டை கிழிந்த புத்தகம். மனிதர்கள் இரண்டு வகை. கூச்சக்காரர் அகமுகர். பேச்சுக்காரர் புறமுகர். கண்டுபிடிப்பது சுலபம். ஈர்க்குச்சியின் இரண்டு முனையிலும் பஞ்சு சுற்றி, நடுவில் நூல் கட்ட வேண்டும். ஒரு முனையை நாக்கில் வைத்து எடுக்க வேண்டும். பிறகு நாக்கில் எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விட்டு, மறு முனையை வைக்க வேண்டும். அகமுகருக்கு எச்சில் அதிகம் ஊறும். நூலைப் பிடித்துத் தூக்கினால் அந்த முனை கனத்துச் சாயும். புறமுகருக்குச் சாயாது.

மின்சார ரயிலில் முதல் நாக்கு என்னுடையது. சாய்ந்தது.

"நீ பேசாத ஆளு மச்சான். இன்னிலருந்து பேசாதே."

அடுத்து, தினமும் எங்களோடு வரும் மீன்காரப் பொன்னியம்மாள், காலிக் கூடையோடு.

"இன்னா நைனா, பொணத்து மூக்குல வெக்கிற பஞ்சை என் வாய்ல வெக்கிறே?" என்று பெட்டியே திரும்பும்படி கத்திவிட்டு நாக்கை நீட்டினாள். குச்சி அசையவில்லை. தாமோதரன் குரோம்பேட்டை வரை குதித்தான்.

"இந்தம்மாவுக்குப் பஞ்சு எதுக்குடா? காது போதுமே."

"தெரியறது வேற, நிரூபிக்கிறது வேற."

தன் நாக்கை மட்டும் அவன் சோதிக்கவில்லை. தான் அகமுகன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா அம்மா இல்லாதவன். வேற்று மனிதர் முன்னால் வாய் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை படப்பையில் பெண் பார்க்கப் போக வேண்டும், துணைக்கு நான்.

"ரெண்டு அகமுகர் ஒரே வீட்ல இருந்தா, சாப்பிட வான்னு கூட யாரும் கூப்பிடமாட்டாங்க. பட்டினிதான். பொண்ணுக்குக் குச்சி சாய்ஞ்சா நான் வேண்டாம்னுடுவேன்."

பெண்ணின் அப்பா சம்பந்தம், நிலத்தை விற்று லாரி வாங்கியவர். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் வண்டி கிளம்பாது. அவர் எதிரில் உட்கார்ந்து, வியர்வை துடைக்கப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தான் தாமோதரன். எலுமிச்சம்பழம் உருண்டு அவர் காலடியில் நின்றது. பின்னாலேயே பஞ்சும் நூலும் சுற்றிய குச்சிகள்.

சம்பந்தம் எழுந்துவிட்டார். "யாரு அனுப்சது? என் பங்காளியா?"

"செய்வினை! நூல் வேற கட்டிக்கீது! நம்ம பொண்ணு பேரைச் சொல்லிக் கட்டிக்கினு வந்துக்கீறான்!" என்று பெண்ணின் அத்தை கிளியம்மாள் உப்பு மிளகாய் எடுக்க ஓடினாள்.

தாமோதரனுக்கு உதடு மட்டும் அசைந்தது. நான்தான் சொன்னேன்: "இது சயின்ஸுங்க."

"சயின்ஸுக்கு இன்னாத்துக்குய்யா எலுமிச்சம்பழம்?"

எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்க விளக்க மோசமானது. உள்ளேயிருந்து பெண் சரளாவே வந்தாள். ஒரு குச்சியை எடுத்தாள். பழத்தை நறுக்கினாள். நாக்கில் வைத்தாள், பிழிந்தாள், வைத்தாள், தூக்கினாள். குச்சி தலைகீழாகத் தொங்கியது.

தாமோதரன் முகமும் தொங்கியது. அதை அவள் பார்த்தாள்.

"இப்படி வந்தா இன்னா?"

"பேச... மாட்டீங்க."

"உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"பாக்கலை. எனக்கே தெரியும்."

"பாக்காம எப்படிங்க சயின்ஸு?"

நாக்கை நீட்டினான். பிழிந்தாள். கிளியம்மாள் மிளகாயோடு அப்படியே நின்றாள். குச்சி தராசு முள் போல நேராக நின்றது.

அவன் குச்சியைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

"மாமா! நான் புறமுகன்!"

அப்புறம் நிற்கவில்லை. தேனீ, கண்டம், நாக்கு, மறுபடி தேனீ. பஜ்ஜி ஆறியது. சம்பந்தம் என் காதருகே குனிந்து, "இந்த வண்டிக்கு பிரேக்கே கெடையாதா?" என்றார். ஆனால் உட்கார்ந்துவிட்டார். சிரித்தும்விட்டார்.

வைகாசியில் கல்யாணம். நாதஸ்வரத்துக்கு மேலே மாப்பிள்ளை குரல் கேட்டது.

சேலையூரில் அவர்கள் வீட்டுக்குப் போனால் இப்போதும் அவன்தான் பேசுவான். போன வாரம் அவன் கூடத்தில் மூளையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் காபியை நீட்டியபடி சரளா மெல்லச் சொன்னாள்.

"அன்னிக்கு பயத்துல அவருக்கு வாயே காஞ்சிபோயிருந்துச்சுண்ணா. ரெண்டு பஞ்சும் காஞ்சிருந்தா எது சாயும்?"

காபி எனக்குப் புரையேறியது.

"அவன்கிட்ட சொன்னியாம்மா?"

"நான்தான் பேசாத ஆளாச்சே," என்றாள்.