“அது இதுல வேலை செய்யாது”

என் தோழியிடம் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால்... இல்லை.

ஹட்டனில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். என்னை அங்கே சேர்த்துவிட்டவளே கலைவாணிதான். வெளிநாட்டுக் கம்பனியின் கணினியை எங்கள் திரைக்குள் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வோம். அதற்குள் ஒரு ஜன்னலில் பில், இன்னொன்றில் அதைப் பதிய வேண்டிய படிவம். பில்லைப் பார்த்து, படிவத்துக்குப் போய், எண் மறந்து, திரும்பப் பில்லுக்கு வந்து... எல்லோரும் அப்படித்தான் திண்டாடினார்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்தத் தூரத்துக் கணினியை முதலில் முழுத்திரையாக்க வேண்டும்; அப்போதுதான் நாம் அழுத்தும் விசைகள் அதற்குள் போகும். பிறகு விண்டோஸ் விசையோடு அம்புக்குறியை அழுத்தினால், பில் இடப்பக்கம், படிவம் வலப்பக்கம் என்று பாதிப்பாதியாக ஒட்டிக்கொள்ளும். பார்த்தபடியே பதியலாம். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கலைவாணியும் நானும் இன்னும் தற்காலிகம்தான். எங்கள் இருவரில் வேகமானவரைத்தான் நிரந்தரமாக்குவேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் கலைவாணி என் விரல்களைக் கவனித்துவிட்டாள். தன் கணினியில் அதே விசைகளை அழுத்தினாள். முழுத்திரையாக்க அவளுக்குத் தெரியாது. தூரத்துக் கணினி இருந்த ஜன்னலே மொத்தமாக ஒரு பக்கம் போய் ஒதுங்கியது.

“என்ன புள்ள, எல்லாமே சேர்ந்து ஓடுது? நீ எப்படி செஞ்ச?”

“அது இதுல வேலை செய்யாது புள்ள. எனக்குக் கை பழகிருச்சு, அவ்வளவுதான்.”

நம்பினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

நான் நிரந்தரமானேன். அவள் தன் மகளைத் தாயிடம் விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனாள்.

முகம் சுளிக்கிறீர்களா? முகவரியில் தேயிலைத் தோட்டத்தின் பெயரைப் பார்த்ததுமே என் விண்ணப்பத்தை ஒதுக்கியவர்கள் எத்தனை பேர்... அவர்களைப் பார்த்து இப்படிச் சுளித்தீர்களா? அவளும் தோட்டத்துப் பெண்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

தீபாவளிக்கு வந்தவளைத் தலவாக்கலை பஸ் தரிப்பிடத்தில் சந்தித்தேன். கொழும்புக் கடையிலும் கிளைக் கணினியை அப்படித்தான் தூரத்திலிருந்து திறக்கிறார்களாம்.

“முழுத்திரையாக்கிட்டு அழுத்தணுமாமே புள்ள. அங்க ஒரு அக்கா காட்டுனாங்க. உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“என் இடத்துல நீ இருந்தா சொல்லியிருப்பியா?”

“சொல்லியிருப்பேனே.”

கோபமே இல்லை. இதைப் போய்க் கேட்கிறாளே என்பது போலப் பார்த்தாள். வட்டகொடை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். அவள் சும்மா சொல்கிறாள், அந்த நேரத்தில் அவளும் மறைத்துத்தான் இருப்பாள் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்...

இல்லை. அவள் சொல்லியிருப்பாள்.