கதவைத் திறந்துவைத்துப் பேசுகிறவர்கள்

நியூ ஜெர்சியில் வீடு வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. எங்கள் ஹீட்டர் வீட்டைச் சூடாக்கவில்லை, தெருவைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. பழைய வீடு. ஜன்னல் சட்டங்களுக்கும் சுவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாகப் போனேன். புகை நேராக மேலே போனால் சரி. வளைந்தால் அங்கே காற்று நுழைகிறது என்று அர்த்தம்.

"சாமிக்கு ஒரு நாள் ஏத்தினதில்ல, ஜன்னலுக்குக் காட்டறீங்க" என்றாள் மனைவி.

சொல்லிவிட்டுப் போகட்டும். இடுக்குகளைப் பசை வைத்து அடைத்தேன். ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். வாசல் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, கூரைக்கடியில் இருக்கும் அட்டிக்கின் மூடிக்கு மேல் கனமான பஞ்சு மெத்தை. அதற்குப் பிறகு வீட்டில் சூடு தங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் நம்மவர்கள் விருந்துக்கு வந்தால் அத்தனை உழைப்பும் வீண். சோபாவில் ஒரு முறை "கிளம்பறோம்" என்பார்கள். ஷூ மாட்டும்போது இன்னொரு முறை. கதவைத் திறந்த பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பிக்கும். கிரீன் கார்டு என்ன ஆச்சு, ஊரில் அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, பையன் ஏன் சரியாகப் படிப்பதில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. உள்ளே உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் சட்டமே போட்டேன். பேச வேண்டியதை உள்ளேயே பேசி முடித்துவிட வேண்டும், கதவு திறந்தால் வெளியே போய்விட வேண்டும். எல்லோரும் சிரித்துக்கொண்டே கீழ்ப்படிந்தார்கள்.

"வழியனுப்பறீங்களா, துரத்தறீங்களா?" என்று மனைவி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பெண் சாப்பிட வந்தாள். மதுரைக்காரி, மனைவியை அக்கா என்பாள். கணவனுக்கு டெக்சாஸில் வேலை, எப்போதாவதுதான் வருவான். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி இருந்தது. பயாப்ஸி எடுத்திருந்தார்கள். முடிவு இதற்குள் வந்திருக்க வேண்டும்.

"நீங்க எதுவும் கேட்டுடாதீங்க, அவளே சொல்லுவா" என்று மனைவி என்னை முன்பே எச்சரித்திருந்தாள்.

அவள் சொல்லவில்லை. வத்தக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆபீஸில் புது மேனேஜர் படுத்தும் பாட்டை நடித்துக் காட்டினாள். "உங்க வீடு மட்டும் எப்படிண்ணே இம்புட்டு கதகதப்பா இருக்கு?" என்றாள். வேறு நாளாக இருந்தால் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். அன்று அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. மனைவி கேட்காமலே அவள் தட்டில் அப்பளம் வைத்துக்கொண்டே இருந்தாள்.

ராத்திரி எட்டு மணிக்கு அவள் கிளம்பினாள். என் சட்டத்தை மதித்து, கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, உள்ளேயே நின்று விடைபெற்றாள். நான் கதவைத் திறந்தேன். படியில் இறங்கியவள் திரும்பி நின்றாள். கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது. காற்று அவளைத் தாண்டி ஹாலுக்குள் அடித்தது. பழக்கதோஷம், என் கை கதவைத் தள்ளப் போயிற்று. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டேன்.

"ரிசல்ட் வந்துருச்சுக்கா" என்றாள். "அதேதான்."

மனைவி சாக்ஸ் காலோடு பனியில் இறங்கி அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. இரண்டு பேருடைய மூச்சும் புகையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே ஹீட்டர் ஓட ஆரம்பித்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. "ஆரம்ப ஸ்டேஜ்தான், சரி பண்ணிறலாம்னு டாக்டர் சொல்றாங்க. அது இல்லக்கா." கோட் பையிலிருந்து போனை எடுத்து மனைவியின் கையில் வைத்தாள். "ஊர்ல விடிஞ்சிருக்கும். அம்மா இப்பதான் எந்திரிச்சுக் காப்பி போடுவாங்க. தினமும் கூப்பிட்டு, என்னத்தையாச்சும் பேசிட்டு வச்சுர்றேன். நீங்க சொல்லுங்கக்கா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."