கமலநாதனின் வலது கால்

மலேசியாவில், கிள்ளான் ஊரில் கமலநாதனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய வலது காலைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்தொரு வருடமாக மனிதர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்தே அவருடைய வலது செருப்பு இடது செருப்புக்கு ஆறு மாதம் முன்னதாகத் தேய்ந்துவிடும்.

பிரேக் இல்லாத இடத்திலும் அந்தக் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் மிதிக்கும், எல்ஆர்டி ரயிலில் மிதிக்கும், கல்யாண மண்டபத்தில் பாயசத் தூக்கோடு யாராவது வேகமாக வந்தால் மிதிக்கும். ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் சலூனில் கத்தி காதுப்பக்கம் வந்தபோது அவர் ஓங்கி மிதித்த மிதியில் முடிவெட்டுகிறவர் பதறிப்போய், மீசையில் பாதி கீழே விழுந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் எடுத்துவிட்டு வீடு வந்தார்.

கால் இப்படி என்றால் வாய் அதற்கு அண்ணன். "கண்ணாடியப் பாருன்னா உன் மூஞ்சிய ஏன்மா பாக்குற? பின்னால லோரி வருது, அதப் பாரு!" என்று அவர் போடுகிற சத்தம் ரெண்டு சிக்னல் தள்ளிக் கேட்கும். அழாமல் லைசன் எடுத்த மாணவர்கள் மிகச் சிலர். அழுதவர்களில் அதிகம் அழுதவள் மார்க்கிரட் என்ற பெண். மூன்று முறை தேர்வில் தோற்று, நான்காவது முறை ஜெயித்து, பிறகு அவளே வாத்தியாராகி, அவருடைய பள்ளிக்கு நாலு கடை தள்ளிச் சொந்தமாக ஒரு பள்ளி திறந்தாள். 'இங்கே திட்ட மாட்டோம்' என்று வாசலில் பெரிய எழுத்தில் போர்டு வேறு. அந்த போர்டைக் கடக்கும்போதெல்லாம் கமலநாதன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

இவ்வளவு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுக்காமலா இருப்பார்? கொடுத்தார். கல்யாணமான மறு வருடம், இரண்டே பாடம். இரண்டாவது பாடத்தில் தெங்கு கிளானா சாலையில், பூக்கடைக்கு எதிரே, குமுதா கிளட்சைச் சட்டென்று விட, கார் குலுங்கி நின்றுபோனது. கமலநாதன் கத்தின கத்தலில் பூக் கட்டிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். குமுதா சாவியை உருவி அவர் மடியில் வைத்தாள். இறங்கினாள். பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"இனிமே என் இடம் இதுதான்" என்றாள்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் அவள் முன் சீட்டில் உட்காரவேயில்லை. பிரசவ வலி கண்டபோதும் பின் சீட்டில்தான் போனாள். மகள் மாதவியின் கல்யாணத்துக்கும் பின் சீட்டில்தான் போனாள். பூச்சோங்கில் ஒரு கிரகப்பிரவேசத்தில் அவளை முதலாளியம்மா என்றும் இவரை டிரைவர் என்றும் நினைத்து, இவருக்கு மட்டும் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக் காருக்கே கொடுத்தனுப்பினார்கள். குமுதா திருத்தவில்லை. சிரிக்கவும் இல்லை. சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி.

ஆகையால், கமலநாதனுக்கு அறுபது வயது நிறைந்து, மண்டபம் எடுத்து விசேஷம் செய்வதா என்று மாதவி கேட்டபோது, "மண்டபம் வேணாம், கப்பல்" என்று குமுதா சொன்னதும் அதற்கு மேல் பேச்சில்லை. நியூசிலாந்துக் கரையோரமாக எட்டு நாள். நமக்குப் பள்ளி விடுமுறை வந்து மழையும் கொட்டுகிற டிசம்பர் மாதம், அங்கே நல்ல கோடைக்காலம். கிளம்புவதற்கு முதல் நாள் குமுதா ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"இங்க பாருங்க. கப்பல்ல ஏறுனதுலேருந்து இறங்குற வரைக்கும் யாருக்கும் ஓட்டச் சொல்லித் தரக்கூடாது. கேப்டனுக்கும் சரி, பஸ்காரனுக்கும் சரி. ஒரு தடவை வாயத் தொறந்தீங்க, நான் செமினியில மாதவி வீட்டோட இருந்துக்குவேன். நீங்க மெகி மீ பாக்கெட்ட ஆக்கிச் சாப்புடுங்க."

"நான் என்ன அப்படியா பேசுறேன்?" என்றார் கமலநாதன். அவருக்கு உள்ளுக்குள் கிலி பிடித்துவிட்டது. பின் சீட்டில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவளுக்குச் செமினி ஒரு தூரமா? தவிர, குமுதா இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வாய் தவறும்போது போட்டு அடைத்துக்கொள்வதற்காக, ஒரு பெரிய டின் முறுக்கை அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

சோதனை விமான நிலையத்திலேயே தொடங்கியது. எந்த வண்டி கிளம்பினாலும் டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்காமல் கமலநாதன் ஒரு அடி நகர மாட்டார். அதற்காக ஐந்து பழம் கொண்டு போயிருந்தார், ஒன்று உபரி. கப்பல் ஏற வேண்டிய ஆக்லாந்தில் அதிகாரிகள் பழம், செடி எதையும் உள்ளே விடுவதில்லை. குமுதா முன்கூட்டியே படிவத்தில் ஒழுங்காக எழுதியிருந்ததால் முறுக்கு தப்பியது. பழம் ஐந்தும் குப்பைக்குப் போயின.

"இப்ப கப்பல் கிளம்பப் போவுதே, எலுமிச்சம்பழத்துக்கு என்ன பண்றது?" என்றார் கவலையோடு.

"கப்பலுக்கு டயர் எங்கங்க இருக்கு?"

யோசித்துப் பார்த்ததில் அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. பதினாலு மாடி உயரக் கப்பல், சிக்னல் போடாமல், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காமல், பின்பக்கமாகவே வெளியேறியது. கமலநாதன் ரெண்டு முறுக்கைச் சேர்த்து வாயில் திணித்துக்கொண்டார். வலது கால் மரத்தளத்தை மிதித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று செங்குத்துப் பாறைகள், இன்னொரு பக்கம் டால்பின் கூட்டம். குமுதா கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தாள். "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றாள். அவர் பார்த்தார். எதிரே வருகிற படகு எந்தப் பக்கம் ஒதுங்கப்போகிறது என்பதைத்தான் பார்த்தார். மூன்றாம் நாள் டின்னின் அடி தெரியத் தொடங்கிவிட்டது.

நாலாம் நாள் நேப்பியர் என்ற ஊரில் கப்பல் நின்றது. சாயங்காலம் நாலரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது என்று ஒலிபெருக்கியில் மூன்று முறை சொன்னார்கள். மற்றவர்கள் சுற்றுலா பஸ்ஸில் ஏற, கமலநாதன் ஒரு வாடகைக் கார் எடுத்தார். அவரே ஓட்டினால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? கடையில் அவர் ஒவ்வொரு டயராக உதைத்துச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் குமுதா உள்ளே போய்ப் படிவங்களைக் கவனித்துக்கொண்டாள். சாலையோரத்தில், காசைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்கிற ஆளில்லாத பழக்கடை ஒன்று வந்தது. அங்கே ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்கி, நாலை வைத்து நசுக்கியதும் அவருக்கு உயிர் வந்தது. குமுதா வழக்கம்போலப் பின் சீட்டில்.

நாற்பது நிமிடத்தில் ஒரு மலை உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே பச்சைக் குன்றுகள், அதற்கப்பால் நீலக் கடல், விரல் நுனி அளவுக்கு அவர்கள் கப்பல். குமுதா படம் எடுக்கப் போனாள். கமலநாதன் கார் பக்கத்தில் நின்று கடைசிக்கு முந்தின முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரர் பெரிய வேனை ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் வேலிக் கம்பம். இன்னும் நாலடி. மூன்றடி. இரண்டடி. கண்ணாடியைப் பார்க்கவில்லை! கமலநாதனின் வாய் திறந்தது. குமுதா திரும்பிப் பார்த்தாள். வாய் மூடியது. வெளியே வரமுடியாத சத்தம் மொத்தமும் காலுக்கு இறங்கிவிட்டது போலிருக்கிறது; வலது காலைத் தூக்கி ஒரே மிதி. மிதித்த இடத்தில் முயல் தோண்டின குழி.

வேன் கம்பத்துக்கு அரையடி முன்னால் தானாக நின்றது, பிறகு சாவகாசமாகக் கிளம்பிப் போய்விட்டது. கமலநாதன் தரையில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் அடுப்பில் வைத்த இட்லி மாதிரி அவர் கண்ணெதிரிலேயே உப்பியது.

மணி மூன்று பத்து. வாடகைக் கார் கடைக்குப் போன் போட்டால், ஆள் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதற்குள் கப்பல் போய்விடும். பெட்டி, மருந்து, பாஸ்போர்ட் நகல், குமுதாவின் எட்டு நாள் ஆசை எல்லாம் அதோடு போய்விடும்.

"ஆட்டோ கியர்தானே குமுதா. இடது காலால ஓட்டிருவேன்."

"உங்க ஸ்டூடன் யாராச்சும் இப்படிச் சொன்னா என்ன சொல்வீங்க?"

கமலநாதன் என்ன சொல்வார் என்பது கிள்ளானுக்கே தெரியும். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. "என்னாலதான் எல்லாம் கெட்டுச்சு" என்றார். "வாயத் தொறக்கலயே, அப்பவும் கெட்டுப்போச்சு பாரு."

குமுதா கைப்பையைத் திறந்தாள். முதலில் ஒரு சின்ன லைசன் அட்டை வந்தது. அடுத்து அனைத்துலக ஓட்டுநர் உரிமம். கடைசியாக, நாலாக மடித்த ஒரு பிளாஸ்டிக் தாள்: சிவப்பு நிறத்தில் வெள்ளை P. நம் ஊரில் புதிதாக லைசன் எடுத்தவர்கள் ரெண்டு வருடம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டிய அதே P.

"இது... யாருது?"

"என்னுதுதான். மூணு வருஷம் ஆச்சு. P போட வேண்டிய காலம் போன வருஷமே முடிஞ்சுது. ராசியா இருக்கட்டும்னு வச்சிருக்கேன். வாடகைக் கடையிலயும் ரெண்டாவது டிரைவர்னு என் பேர எழுதிட்டேன், நீங்க டயர உதைச்சிக்கிட்டிருந்தப்ப."

"யார்கிட்ட படிச்ச?"

"மார்க்கிரட்கிட்ட."

கணுக்காலைவிட இது பலமாகத்தான் வலித்தது. ஆனால் மணி மூன்று பதினெட்டு. குமுதா P தாளைப் பின் கண்ணாடியில் எச்சில் தொட்டு ஒட்டினாள். பையிலிருந்து நாலு பழம் எடுத்து நாலு டயருக்கும் வைத்தாள். அவரைக் கைத்தாங்கலாக முன் சீட்டில் உட்காரவைத்து, தானும் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டாள். பழங்கள் சதக் சதக்கென்று நசுங்கின. கார் இறங்கத் தொடங்கியது.

அந்த மலைச் சாலையை நான் விவரிக்கப் போவதில்லை. கமலநாதனும் அதில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடந்தார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், தடுப்பு கிடையாது. முதல் வளைவில் கடைசி முறுக்கு தீர்ந்தது. இரண்டாவது வளைவில் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டார். கால் மிதிக்கப் பார்த்தது. வீங்கின கால், மிதித்தால் உயிர் போகிறது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அது சும்மா இருந்தது.

சும்மா இருந்ததால் காது கேட்டது. குமுதா தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடி... சிக்னல்... தோளுக்கு மேல ஒரு பார்வை... வளைவுக்கு முன்னால பிரேக், வளைவுக்குள்ள இல்ல." அட, இது அவருடைய பாடம் அல்லவா? ஒரு சொல் மாறாமல் அவர் மார்க்கிரட்டுக்குச் சொன்னது. அவர் கத்தினதை மார்க்கிரட் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். கமலநாதனுக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வெட்கம்தான் கொஞ்சம் கூடுதல்.

ஓரிடத்தில் நாற்பது ஐம்பது செம்மறியாடுகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. குமுதா ஹார்ன் அடிக்கவில்லை. நிறுத்தினாள், கைப்பிரேக் போட்டாள், காத்திருந்தாள். நாலு நிமிடம் ஆடுகள் அவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. கமலநாதன் மனசுக்குள் அவளுடைய தவறுகளை எண்ணிக்கொண்டு வந்தார். துறைமுகம் கண்ணில் படும்போது பதினொன்று. நாலு ஒன்பதுக்குக் கார் துறைமுகத்தை ஒட்டிய வாடகைக் கடை வாசலில் நின்றது. கோட்டுக்குள், நேராக.

குமுதா எஞ்சினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ம், சொல்லுங்க. இன்னக்கி மட்டும் உங்களுக்கு அனுமதி. எத்தன தப்பு?"

பதினொன்றும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. கமலநாதன் அத்தனையையும் விழுங்கினார்.

"லூலுஸ் லா" என்றார். தேர்வு அதிகாரி மலாயில் பாஸ் என்று சொல்கிற அந்தச் சொல்லை அவர் இதுவரை எந்த மாணவருக்கும் வாயால் சொன்னதில்லை.

குமுதா ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கொஞ்சம் அழுதாள், பிறகு நிறையச் சிரித்தாள். மிச்ச நாலு நாளும் அவர் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். நியூசிலாந்து அழகாக இருந்ததாம்.

கிள்ளானுக்குத் திரும்பிய மறுநாள் காலை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போக வேண்டும். கணுக்காலில் இன்னும் கட்டு. கமலநாதன் பேசாமல் சாவியைக் குமுதாவிடம் கொடுத்துவிட்டு, பயிற்சிக் காரின் முன் கதவைத் திறந்து இடது பக்கம் உட்காரப் போனார்.

"அங்க வேணாங்க" என்றாள் குமுதா. "அங்க பிரேக் இருக்கு. பின்னாடி போங்க."

போனார். கார் கிளம்பின உடனே முதுகில் ஏதோ சுருக்கென்று குத்தியது. சீட்டுத் துணியைக் கிழித்துக்கொண்டு ஒரு ஸ்பிரிங். நகர்ந்து உட்கார்ந்தார், அங்கேயும் குத்தியது. அந்தப் பழைய பூக்கடையைத் தாண்டும்போது கார் நிற்கவில்லை, குலுங்கவும் இல்லை.

"குமுதா, இது எத்தன நாளா குத்துது?"

"ஒம்பது வருஷமா. ரெண்டு தடவ சொன்னேன். நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

கமலநாதன் ஸ்பிரிங்கின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த சிக்னல்ல இடது பக்கம் திரும்பு" என்றார் கடைசியில். "சீட்டு தைக்கிற கடை அங்கதான் இருக்கு. பாசாருக்கு அப்பறம் போவோம்."

கார் ஓட்டும்போது அவர் சொல்லி அவள் மறுபேச்சில்லாமல் கேட்டது அது ஒன்றுதான். கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், இடது பக்கம் திருப்பினாள்.